பயணப் பையில் எதை வைப்பது?

விடுமுறை நெருங்குகிறது. சிலர் விரைவுப் பேருந்து பிடித்து ஊருக்குப் போவோம். சிலர் இளைஞர் முகாமுக்குக் கிளம்புவோம். சிலர் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக் கோயில்களுக்கோ, சிங்கப்பூரில் இருக்கும் மாமா வீட்டுக்கோ போவோம். எங்கே போனாலும் கிளம்புவதற்கு முந்தைய வாரம் எல்லார் கைப்பேசியிலும் ஒரே வேலைதான் நடக்கும்: பயணத்துக்கு என்னென்ன வாங்கலாம் என்று இணையக் கடையைத் துழாவுவது.

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் கிளையைச் சேர்ந்த ஒரு தம்பி போன மாதம் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். “அக்கா, பத்து ஐட்டம், எல்லாமே இக்கோவாம். ஆஃபர்ல 189 வெள்ளிதான் லா. வாங்கிடவா?” மூங்கில் கரண்டி, எஃகு உறிஞ்சுகுழல், மடக்கும் குவளை, துணிப்பை, போத்தல், சோப்பு டப்பா என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். பத்தில் ஏழு பொருள் அவன் வீட்டிலேயே வேறு வடிவில் இருந்தது. அந்த 189 வெள்ளியோ அவன் முதல் விமானப் பயணச் செலவுக்காக அம்மா மிச்சம் பிடித்துக் கொடுத்த பணம்.

“பசுமை” என்ற சொல்லை நம்பித்தான் அவன் செலவழிக்கப் போனான். நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்துக்குக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

1. நீடித்த பயன் என்றால் என்ன?

ஒரு பொருளை மதிப்பிடும்போது அது நம் கையில் இருக்கும் காலத்தை மட்டும் பொறியியலில் பார்ப்பதில்லை. மூலப்பொருளைத் தோண்டுவது அல்லது விளைவிப்பது, தொழிற்சாலையில் செய்வது, கப்பலில் கொண்டுவருவது, பயன்படுத்துவது, கடைசியில் குப்பையாவது என எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். இதற்கு வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு என்று பெயர்.

இந்தக் கணக்கு சில நேரம் நம்மைத் திடுக்கிட வைக்கும். டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-ல் கடைப் பைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரண நெகிழிப் பையோடு ஒப்பிட்டால், ஒரு பருத்திப் பையைப் பருவநிலை பாதிப்பு அளவில் ஈடுகட்ட 52 முறையாவது பயன்படுத்த வேண்டுமாம். தண்ணீர், ஓசோன் முதலிய எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் அது 7,100 முறை. தினம் ஒரு முறை என்றாலும் 19 ஆண்டுக்கு மேல் ஆகும்! பருத்தி விளைவிக்க அவ்வளவு தண்ணீரும் நிலமும் உரமும் தேவைப்படுகின்றன.

அப்படியானால் நெகிழிப் பைக்கே திரும்பிவிடலாமா? கூடாது. பை காற்றில் பறந்து ஆற்றிலும் கடலிலும் சேர்வதால் வரும் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. மழை பெய்தால் வடிகால் அடைத்துக்கொள்ளும் நம் ஊரில் அது சின்ன விஷயமில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: ஒரு துணிப்பை வைத்திருப்பதால் நன்மை வந்துவிடாது, அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போவதால்தான் நன்மை. ஒவ்வொரு விழாவிலும் அன்பளிப்பாகக் கிடைத்த துணிப்பைகள் உங்கள் வீட்டில் எத்தனை தூங்குகின்றன? எண்ணிப் பாருங்கள். புதிதாக ஒன்றை வாங்கினால் அந்தக் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

பணத்துக்கும் இதே வகுத்தல்தான். 45 வெள்ளிக்கு வாங்கிய போத்தலை ஆண்டுக்கு 200 நாள் வீதம் மூன்று ஆண்டு பயன்படுத்தினால் மொத்தம் 600 முறை. ஒரு முறைக்கு ஏழரை சென்தான் ஆகிறது. 15 வெள்ளிக்கு வாங்கிய போத்தல் 60 முறையில் மூடி உடைந்து போனால் ஒரு முறைக்கு 25 சென். விலை குறைந்தது கணக்கில் விலை கூடியதாகிவிட்டது பாருங்கள்.

2. வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகள்

எந்தப் பொருளானாலும் இந்த நான்கையும் வரிசைப்படி கேளுங்கள்.

முதலாவது: இந்த வேலையைச் செய்ய வீட்டில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது: பயணம் முடிந்த பிறகும் இதைப் பயன்படுத்துவேனா? ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும் பொருளை இரவல் வாங்குவதுதான் சரி.

மூன்றாவது: கெட்டுப் போனால் யார் சரிசெய்வார்? தையல்காரரோ, நானோ, அப்பாவோ சரிசெய்ய முடிந்தால் அந்தப் பொருளுக்கு ஆயுள் கூடும். ஒட்டி மூடப்பட்டு, திறக்கவே முடியாத பொருள் ஒரு பழுதோடு செத்துப்போகும்.

நான்காவது: கடைசியில் இது எங்கே போகும்? பழைய இரும்புக்காரர் எடுப்பாரா, மறுசுழற்சிக்குப் போகுமா, இல்லை நேரே குப்பைமேடா?

இனி ஒவ்வொரு பொருளாக இந்தக் கேள்விகளை வைத்துப் பார்ப்போம்.

3. தண்ணீர்ப் போத்தல்

எஃகுப் போத்தல் அடியில் 18/8 அல்லது 304 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல் கலந்த துருப்பிடிக்காத எஃகு அது. நம் அம்மா சமையலறையில் பல ஆண்டாக இருக்கும் நல்ல எவர்சில்வர் பாத்திரமும் இந்த இனம்தான். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஏற்றது.

சூடு தாங்கும் போத்தலில் இரண்டு சுவர்கள். நடுவே காற்றை உறிஞ்சி வெற்றிடம் ஆக்கியிருப்பார்கள். வெப்பத்தைக் கடத்த அங்கே எதுவும் இல்லாததால் உள்ளே சூடு அப்படியே நிற்கிறது. உங்கள் பழைய போத்தல் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை: சுடுதண்ணீர் ஊற்றிச் சில நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். உடம்புப் பகுதி சுட்டால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். சுடவில்லையென்றால் வெளியே கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை, புதிது வேண்டாம்.

ஆனால் எல்லாப் பயணத்துக்கும் அது தேவையா? இரட்டைச் சுவர்ப் போத்தல் கனம். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடந்து போய், 272 படி ஏறுகிறவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் தோளில் தெரியும். நடைப்பயணத்துக்கு ஒற்றைச் சுவர்ப் போத்தலோ, வீட்டிலிருக்கும் நல்ல நெகிழிப் போத்தலோ போதும். சிறு பிள்ளைக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகும் அக்காவுக்கு இரட்டைச் சுவர் தேவை. தேவையைப் பார்த்துத்தான் பொருள்.

வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் மூடியைக் கவனியுங்கள். போத்தலில் முதலில் கெடுவது மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் வளையம். அந்த வளையம் தனியாகக் கிடைக்கிற வகையை வாங்கினால் இரண்டு மூன்று வெள்ளியில் போத்தல் பிழைத்துக்கொள்ளும். வாய் அகலமாக, கை அல்லது தூரிகை நுழையும் அளவு இருக்கட்டும். கழுவ முடியாத போத்தல் மூன்றாம் நாளே நாறும்.

விமானத்தில் போகிறவர்கள் சோதனைக்கு முன் போத்தலைக் காலி செய்து, உள்ளே போனதும் நிரப்பிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். தமிழ்நாட்டுக்குப் போனால் குழாயில் நேரே பிடித்துக் குடிக்க வேண்டாம். தங்குமிடத்தில் கொதிக்கவைத்த அல்லது வடிகட்டிய தண்ணீரைக் கேட்டு நிரப்புங்கள். கிடைக்காத இடத்தில் கடைத் தண்ணீர் வாங்குவது தப்பில்லை. வயிற்றுப்போக்கோடு கோயில் கோயிலாக அலைவதை யாரும் பசுமைப் பயணம் என்று சொல்லமாட்டார்கள்.

4. சாப்பாட்டுப் பொருள்கள்

இந்தப் பிரிவில்தான் விளம்பரச் சொற்கள் அதிகம் ஏமாற்றும். மூன்றைத் தெரிந்துகொள்வோம்.

“மூங்கில் நார்க் குவளை.” பெயரில் மூங்கில் இருந்தாலும் பல குவளைகளில் மூங்கில் தூளை ஒட்டவைத்திருப்பது மெலமின் பிசின், அதாவது நெகிழி. சூடான பானம் ஊற்றினால் அதிலிருந்து வேதிப்பொருள் கசியக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் இத்தகைய பொருள்களுக்கு எதிராகத் தனி நடவடிக்கையே எடுத்தது. முழு மூங்கிலில் செதுக்கிய கரண்டி வேறு, அது மரம் போலத்தான்.

“மக்கும் நெகிழி.” சோளம் போன்ற மாவுப் பயிர்களிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற வகை மக்க வேண்டுமானால் ஏறக்குறைய 60 பாகை வெப்பமுள்ள தொழிற்கூட உர உலை வேண்டும். சாலையோரத்திலும் கடலிலும் அது லேசில் மக்காது. வேதிப்பொருள் கலந்து “தானாக உடையும்” என்று விற்கும் இன்னொரு வகை சின்னச் சின்னத் துணுக்குகளாக உடைகிறதே தவிர மறைவதில்லை. அந்த வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் தடை செய்துவிட்டது.

“காகிதம்தானே?” நாசி லெமாக் மடிக்கும் பழுப்புக் காகிதத்தின் உட்பக்கம் வழவழப்பாக இருக்கிறதல்லவா? மெல்லிய நெகிழிப் பூச்சு அது. காகிதக் கோப்பைக்குள்ளும் அப்படித்தான். அதனால்தான் எண்ணெயும் தண்ணீரும் ஊறுவதில்லை, அதனால்தான் பழைய காகிதத்தோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போடவும் முடிவதில்லை.

சரி, எதைக் கொண்டுபோவது? வீட்டிலிருக்கும் ஒரு கரண்டி, ஒரு முள்கரண்டி, அவற்றைச் சுற்ற ஒரு கைக்குட்டை. முடிந்தது. (விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள்.) டப்பாவுக்கு அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன், சூடான சோற்றைத் தாங்கும். 1 என்பது தண்ணீர்ப் போத்தல் வகை, சூடு ஆகாது. 6 என்பது வெள்ளை நுரைப்பெட்டி வகை, கொதிக்கக் கொதிக்கக் குழம்பு ஊற்றுவதற்கு அது உகந்ததில்லை. வீட்டில் தாத்தா காலத்து எவர்சில்வர் அடுக்கு இருந்தால் அதைவிடச் சிறந்தது கடையில் இல்லை. இரண்டு அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

“கடையில் நம் டப்பாவை நீட்டினால் ஒரு மாதிரி பார்ப்பார்களே” என்று நிறைய தங்கைகள் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், பொட்டலம் கட்டத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. “அண்ணே, இதுலயே போட்டுக் குடுங்க, கழுவித்தான் கொண்டாந்துருக்கேன்.” இவ்வளவுதான். கூட்ட நேரத்தில் நீட்டினால் அவருக்கும் எரிச்சல் வரும், கொஞ்சம் முன்னதாகப் போங்கள். சில சாப்பாட்டுக் கடை அண்ணன்கள் ஒரு கரண்டி குழம்பு கூடவே ஊற்றுவார்கள்!

5. பையும் துணியும்

முதுகுப்பை வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் நான்கு இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: தோள்வார் பையோடு சேரும் தையல், அடிப்பகுதி, ஜிப், கொக்கி. தோள்வார் சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுகளுமாகத் தைத்திருந்தால் சுமை பரவும். ஒற்றைக் கோடாகத் தைத்திருந்தால் பாரம் முழுக்க ஒரே வரியில் விழுந்து கிழியும்.

துணியின் தடிப்பை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 600 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூல் 600 கிராம். எண் கூடினால் துணி உரமாக இருக்கும், கனமும் கூடும். தினமும் மடிக்கணினி சுமப்பவருக்கு அது தேவை. மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் பைக்கு மெல்லியதே போதும்.

ஜிப் இறுகினால் மெழுகுவத்தியைப் பற்களில் தேய்த்து முன்னும் பின்னும் இழுங்கள். பல் நன்றாக இருந்தும் மூடாமல் வாய் பிளந்தால் பெரும்பாலும் இழுப்பான்தான் தேய்ந்திருக்கும். தையல் கடையில் அதை மட்டும் மாற்றித் தருவார்கள். இந்த ஒரு பழுதுக்காக எத்தனை நல்ல பைகள் குப்பைக்குப் போகின்றன!

துண்டு விஷயத்தில் நம் பழைய பழக்கமே மேல். “விரைவில் காயும்” என்று விற்கும் மைக்ரோஃபைபர் துண்டு பாலியெஸ்டர்தான். துவைக்கும்போது நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகும். தாத்தா தோளில் போட்டிருக்கும் மெல்லிய பருத்தித் துண்டு ஒரே இரவில் காய்ந்துவிடும். தலை துவட்ட, வெயிலுக்குப் போர்த்த, பழம் முடிய என்று எல்லாவற்றுக்கும் ஆகும். தம்பிகள் ஒரு கைலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பேருந்தில் குளிர்சாதனம் எலும்பை ஊடுருவும்போது அதன் அருமை தெரியும். முகாம் மண்டபத்தில் அதுவே விரிப்பு, உடை மாற்றும்போது அதுவே மறைப்பு. நான் கொண்டுபோவது அம்மாவின் பழைய வாயில் சேலையில் பாதி. மீதிப் பாதியில் அம்மா நான்கு சுருக்குப் பைகள் தைத்துக் கொடுத்தார். அழுக்குத் துணி, செருப்பு, சார்ஜர், காய்கறி எதற்கும் ஆகும்.

பை எடுத்துப் போவதற்குச் சட்டமும் காரணம். சிலாங்கூரில் 2017 முதல் நெகிழிப் பைக்குக் கட்டணம் உண்டு. சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பை, கோப்பை, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்குத் தடை. 2021 டிசம்பரில் அந்த மாநில அரசு மஞ்சப்பையை மறுபடியும் பழக்கத்துக்குக் கொண்டுவர ஓர் இயக்கமே தொடங்கியது. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த அதே மஞ்சள் துணிப்பைதான். அங்கே போகிறவர்கள் இங்கிருந்தே ஒன்றிரண்டு பை எடுத்துப் போங்கள்.

6. மின்பொருள்கள்

இதைக் கவனமாகப் படியுங்கள். இங்கே தவறான தேர்வு உயிருக்கே ஆபத்து.

பவர் பேங்கில் எம்.ஏ.எச். என்ற அளவு பெரிதாக அச்சிட்டிருக்கும். விமான விதி பார்ப்பது வாட்-மணி அளவை. மாற்றுவது எளிது: எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 10,000 என்றால் 37 வாட்-மணி. 20,000 என்றால் 74. 30,000 என்றால் 111. பொதுவான அனைத்துலக விதிப்படி 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எந்த அளவானாலும் சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

காரணம் இருக்கிறது. லித்தியம் மின்கலம் உள்ளுக்குள் குறுக்குச்சுற்றாகிச் சூடேறினால், அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கித் தீப்பிடிக்கும். 2025 ஜனவரி 28-ஆம் தேதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படத் தயாராக இருந்த ஒரு விமானம் எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். பவர் பேங்க் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையாளர்கள் பின்னர் சொன்னார்கள். அந்த ஆண்டிலேயே நம் வட்டாரத்தின் பல விமான நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தன. கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் விதியை ஒருமுறை பாருங்கள்.

எத்தனை பெரிது தேவை? 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 5,000 எம்.ஏ.எச். கைப்பேசியை இரண்டு முறை நிரப்பும் என்று நினைப்போம். மின்னழுத்தத்தை மாற்றுவதிலும் வெப்பமாகவும் ஒரு பங்கு போய்விடுவதால் உண்மையில் ஒன்றரை முறை அளவுதான் கிடைக்கும். ஒரு நாள் பயணத்துக்கு அது தாராளம். வீங்கிய, அடிபட்ட, அளவே அச்சிடாத பவர் பேங்க் எதையும் “இன்னும் வேலை செய்யுதே” என்று வைத்திருக்காதீர்கள். பழையதையே பயன்படுத்து என்று இவ்வளவு நேரம் சொன்ன நான் இந்த ஒன்றில் மட்டும் மாற்றிச் சொல்கிறேன். வீங்கியதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். நல்லதை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், மின்கலத்துக்கு வெப்பம்தான் முதல் எதிரி.

அடுத்து, செருகி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மூன்று செவ்வக முனை கொண்ட ஜி வகை. இந்தியாவில் வட்ட முனை. மாற்றுச் செருகி முனையின் வடிவத்தை மட்டும் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. உங்கள் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டிலும் பயன்படும். முடி உலர்த்தி, அயன் பெட்டி பெரும்பாலும் அப்படி இருக்காது. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட், நம் ஊர் அயன் பெட்டி அங்கே சரியாகச் சூடேறாது. உலகம் முழுக்கப் பயன்படும் பெரிய மாற்றுச் செருகி ஆண்டுக்கு ஒரு முறைதான் தேவை என்றால், இரவல் வாங்குங்கள். வாங்குவதானால் மலேசியாவில் சிரிம் முத்திரையும் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. குளியல் பொருள்கள்

அனைத்துலக விமானங்களில் கைப்பையில் கொண்டுபோகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத போத்தலில் இருக்க வேண்டும். இதற்காகவே சின்னச் சின்னப் போத்தல்களைப் புதிதாக வாங்குகிறோம். தேவையில்லை. முடிந்துபோன மருந்து, தைலப் போத்தல்களைக் கழுவி நிரப்பலாம். கட்டிச் சோப்புக்கு அந்த விதியே கிடையாது. போத்தலும் இல்லை, கசிவும் இல்லை. டப்பாவில் ஈரம் வடிய வழி இருந்தால் போதும்.

தங்கைகளுக்கு ஒரு சொல். மாதவிடாய்க்குத் துவைத்துப் பயன்படுத்தும் துணி அணையாடை வீட்டில் நல்ல தேர்வு. துவைக்கவும் காயவைக்கவும் இடமில்லாத இரவுப் பேருந்தில் அது வேதனை. சிலிக்கோன் குப்பி சில ஆண்டு உழைக்கும், ஆனால் வீட்டிலேயே சில மாதம் பழகிய பிறகுதான் பயணத்தில் நம்பலாம். இரண்டும் ஒத்துவராவிட்டால் வழக்கமான அணையாடையை எடுத்துப் போங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். நடைமுறைக்கு ஒத்துவராத பொருளைப் பசுமை என்பதற்காக மட்டும் சுமக்க வேண்டியதில்லை.

8. குழுவாகப் போகும்போது

தனி ஆளாக மிச்சப்படுத்துவதைவிடக் குழுவாக மிச்சப்படுத்துவது பல மடங்கு. ஒரு கணக்குப் போடுவோம். முகாமுக்கு 40 பேர், மூன்று நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் போத்தல் மூன்று. மொத்தம் 360 போத்தல். அதே 180 லிட்டர் தண்ணீரை 20 லிட்டர் கலன்களில் வாங்கினால் ஒன்பது கலன். திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏற்பாட்டுக் குழு செய்ய வேண்டியது இரண்டுதான்: “எல்லாரும் போத்தல் கொண்டுவாங்க” என்று அறிவிப்பில் எழுதுவது, மறந்து வருகிறவர்களுக்காகப் பத்துக் குவளை வைத்திருப்பது.

அயன் பெட்டி, முதலுதவிப் பெட்டி, நீட்டிப்புக் கம்பி இவையெல்லாம் அறைக்கு ஒன்று போதும். யார் எதைக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். நீட்டிப்புக் கம்பியில் ஓர் எச்சரிக்கை: 13 ஆம்பியர், 230 வோல்ட் என்றால் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். 2,000 வாட் கெத்தலையும் 1,000 வாட் அயன் பெட்டியையும் ஒன்றாகப் போட்டாலே எல்லைக்கு வந்துவிட்டோம். அதில் இன்னொன்றைச் செருகாதீர்கள்.

தைப்பூசத்திலும் இதைச் செய்யலாம். தண்ணீர்ப் பந்தலில் அன்போடு ஊற்றித் தரும் மோரையும் பானகத்தையும் வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பையை வழியில் போட்டுவிட்டு நடக்கிறோம். மறுநாள் அதைக் குனிந்து பொறுக்குவது யாரோ ஒருவர். ஓர் எவர்சில்வர் டம்ளரைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டால் ஐந்து பந்தலுக்கும் அது ஒன்றே போதும்.

9. வகுப்பில் செய்வோம்

கிளைக் கூட்டத்திலோ வார வகுப்பிலோ இந்தப் பாடத்தை எடுக்கும் அண்ணன், அக்காமார் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கலாம். ஒரு மணி நேரம் போதும்.

முதல் பயிற்சி: ஆளுக்கொரு பயணப் பையைக் கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். எடை பாருங்கள். போன பயணத்தில் தொடாமலே திரும்பி வந்த பொருள்களை எடுத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். வித்தியாசத்தைப் பலகையில் எழுதுங்கள்.

இரண்டாம் பயிற்சி: ஒவ்வொருவரும் தம் பவர் பேங்கின் வாட்-மணியைக் கணக்கிட வேண்டும். அளவே அச்சிடாதது எத்தனை, வீங்கியது எத்தனை என்று எண்ணுங்கள்.

மூன்றாம் பயிற்சி: கடைசியாக வாங்கிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, விலையை இதுவரை பயன்படுத்திய தடவைகளால் வகுக்க வேண்டும். யாருடையது மிகக் குறைவு? அதை எப்படி அவ்வளவு நாள் காப்பாற்றினார் என்று அவரையே பேசச் சொல்லுங்கள்.

கலந்துரையாட: வீட்டில் பெரியவர்கள் “இது எதுக்கு, புதுசு வாங்கிக்கோ” என்று அன்பாகச் சொல்லும்போது எப்படிப் பதில் சொல்வது? பரிசாக வந்த, நமக்குத் தேவைப்படாத பொருளை என்ன செய்வது? வசதி குறைந்த நண்பர் மலிவான பொருளை வாங்கும்போது நாம் அறிவுரை சொல்லலாமா, அல்லது நம்மிடம் கூடுதலாக இருப்பதைக் கொடுப்பது நல்லதா?

கிளம்பும் முன் பார்க்க ஒரு சிறு பட்டியல்: போத்தல், கரண்டி, டப்பா, மடிக்கும் பை இரண்டு, துண்டு, கைலி அல்லது சேலைத் துண்டு, சோப்பு, சார்ஜர், சரியான பவர் பேங்க், ஊசியும் நூலும். இதில் எத்தனை இப்போதே உங்கள் வீட்டில் இருக்கின்றன என்று இன்றிரவே தேடிப் பாருங்கள். இல்லாததை மட்டும் கடையில் பார்ப்போம்.